கோதுமையும் குடலும்: ஒவ்வாத உணவைக் கண்டறியும் அறிவியல்

"கத்தரிக்காய் கரப்பான்", "கருவாடு சொறியைக் கிளப்பிவிடும்", "மூட்டுவலி உள்ளவர் புளியைத் தொடக்கூடாது" என்ற பேச்சுகளைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் இருக்காது. இப்போது இவற்றோடு கைப்பேசியில் வரும் பட்டியல்களும் சேர்ந்துகொண்டன. உடலில் அழற்சியை உண்டாக்கும் பத்து உணவுகள், தைராய்டு உள்ளவர்கள் ஒதுக்க வேண்டிய எட்டு உணவுகள் என்று நாள்தோறும் ஏதாவது ஒன்று வருகிறது. மாணவர்கள் அவற்றை வகுப்பறைக்கும் கொண்டுவருகிறார்கள். செரிமான மண்டலம் பாடம் நடத்தும்போது, "கோதுமை உடம்புக்குக் கெடுதலா டீச்சர்?" என்ற கேள்வி எழாத ஆண்டு அண்மையில் இல்லை.

இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆனால் விடையை எப்படித் தேடுவது என்று கற்பிக்க இயலும். அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு சீலியாக் நோய். தன் உடலையே தாக்கும் நோய்களுள், தூண்டும் உணவு எதுவென்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நோய் இது. உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் கற்பிப்போர் பாடமாகவும், தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் தம் பிள்ளைகளின் நலன் கருதியும் இதைப் படிக்கலாம்.

மூன்று சொற்கள், மூன்று நிகழ்வுகள்

"ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறோம். முதலில் இவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

முதலாவது ஒவ்வாமை. நிலக்கடலை, முட்டை, மீன், இறால் போன்றவற்றிலுள்ள புரதத்தைச் சிலரது நோய்த்தடைகாப்பு மண்டலம் பகையாகக் கருதிவிடுகிறது. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றலாம். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாவது செரிக்க இயலாமை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிதைக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக உள்ளவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும். இதில் தடைகாப்பு மண்டலத்துக்குப் பங்கில்லை. நொதி போதவில்லை, அவ்வளவுதான். இவர்களுள் பலர் தயிரையும் மோரையும் தொல்லையின்றி உண்பார்கள். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்பே பயன்படுத்திக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது தன்னுடல் தாக்குநோய். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய தடைகாப்பு மண்டலம், உடலின் சொந்தத் திசுவையே தாக்குகிறது. முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, சிலவகைத் தைராய்டு நோய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சீலியாக் நோயும் இவ்வகைதான்.

அழற்சி என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிடுவது நல்லது. முள் குத்திய விரல் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுவே அழற்சி. அது உடலின் காவல் வேலை. வேலை முடிந்ததும் தணிய வேண்டும். தணியாமல் நீடிக்கும்போதுதான் திசு சேதமடைகிறது.

கண்டுபிடிப்பின் கதை

லண்டன் குழந்தைகள் மருத்துவர் சாமுவேல் கீ 1888-இல் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். நோயுற்ற குழந்தைகளுக்கு வயிறு உப்பும், கைகால் சூம்பும், மலம் வெளிறி, அளவில் மிகுந்து, நாற்றத்துடன் போகும், வளர்ச்சி நின்றுவிடும். இதற்குத் தீர்வு உண்டென்றால் அது உணவு வழியாகத்தான் வர வேண்டும் என்று அவர் சரியாகக் கணித்தார். ஆனால் எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. மெலிதாக வெட்டி வாட்டிய ரொட்டியை அவரே அனுமதித்தார். நாள்தோறும் சிப்பி இறைச்சி உண்ட ஒரு குழந்தை நன்கு தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் குறித்து வைத்தார். சிப்பியை உண்ட நாட்களில் அக்குழந்தை எதை உண்ணவில்லை என்ற கேள்வி அன்று எழவில்லை.

1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். ரொட்டியையும் மாவுப்பண்டங்களையும் நீக்கி, வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் குணப்படுத்தும் ஆற்றல் இருப்பதாக அவர் கருதினார். விளைவு சரி, காரணம் தவறு. இந்தத் தவறான காரணம் பல குழந்தைகளைப் பாதித்தது. குணமாகிவிட்டோம் என்று நம்பி அவர்கள் பின்னர் ரொட்டிக்குத் திரும்பினார்கள், நோயும் திரும்பியது. சரியான மருந்துக்குச் சரியான விளக்கமும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை வகுப்பில் காட்டுவது கடினம்.

விடையைக் கண்டவர் வில்லெம் கரெல் டிக்கே. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவமனையொன்றின் தலைமை மருத்துவர். 1930-களிலேயே அவருடைய ஐயம் கோதுமை மீது விழுந்தது. கோதுமை இல்லாத உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1941-இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு போர்க்காலக் கொடுமை ஒன்று வந்தது. 1944 செப்டம்பரில் டச்சு இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியப் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு செல்வதைத் தடுத்தது. பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே சரிந்தது. மக்கள் துலிப் மலர்க் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள்.

ஊரே பட்டினியால் மெலிந்த அந்தக் குளிர்காலத்தில், டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி கிடைக்கவில்லை என்பதே காரணம். போர் முடியும் தறுவாயில் ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்கள் மீண்டும் நோயுற்றார்கள்.

பஞ்சம் வந்தது, உண்மை வெளிப்பட்டது என்று பலர் இக்கதையைச் சுருக்கிச் சொல்கிறார்கள். வகுப்பில் அப்படிச் சொல்லாதிருப்பது நல்லது. டிக்கேயிடம் கருதுகோள் முன்பே இருந்தது. அதனால்தான் பஞ்சத்தில் நடந்ததன் பொருள் அவர் கண்ணில் பட்டது. அத்தோடு அவர் நிறுத்தவும் இல்லை. பஞ்சத்தில் ரொட்டி மட்டுமா குறைந்தது? எல்லாமே குறைந்தன. ஆகவே குழந்தைகளின் உணவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தானியத்தை மட்டும் மாற்றி, மலத்தில் வெளியேறும் கொழுப்பின் அளவைத் தம் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அளந்தார். கோதுமையும் ரை தானியமும் கொடுத்தபோது கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறியது. அரிசி கொடுத்தபோது அப்படி நேரவில்லை. 1950-இல் இதை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். கோதுமை மாவின் ஸ்டார்ச் தீங்கற்றது, குளூட்டன் என்னும் புரதமே தீங்கு செய்வது என்பதை 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

குடலுக்குள் நடப்பது என்ன?

சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் இருப்பதை மாணவர் அறிவர். புதிய டர்க்கி டவலின் மேற்பரப்பை அவர்களுக்குத் தொட்டுக் காட்டுங்கள். எழுந்து நிற்கும் நூல் வளையங்களால்தான் அது அவ்வளவு நீரை உறிஞ்சுகிறது. தேய்ந்து வழுவழுப்பான பழைய துண்டு அப்படி உறிஞ்சாது. சீலியாக் நோயில் குடலுறிஞ்சிகள் இப்படித்தான் தட்டையாகிவிடுகின்றன. பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறது; ஆனால் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், கொழுப்பு ஆகியவை உடலில் போதிய அளவு சேர்வதில்லை.

இது நடக்கும் வழி வருமாறு: குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினை நம் செரிமான நொதிகளால் முழுமையாகச் சிதைக்க இயலாது. அதன் துண்டுகள் குடற்சுவருக்குள் நுழையும்போது, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நம் சொந்த நொதி அவற்றைச் சற்றே மாற்றுகிறது. எச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்னும் மரபணு வகை உள்ள சிலரில், மாற்றப்பட்ட இத்துண்டுகள் டி-செல்களைத் தூண்டிவிடுகின்றன. அழற்சி தொடங்குகிறது. அதோடு, அந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. தாக்கப்படும் இலக்கு இந்த நொதிதான் என்பதை 1997-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதனால்தான் சீலியாக் வெறும் ஒவ்வாமை ஆகாது; அது தன்னுடல் தாக்குநோய்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளூட்டன் உள்ள உணவை முழுமையாக நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் குறைகின்றன. குடலுறிஞ்சிகள் பெரும்பாலும் மீண்டும் வளர்கின்றன. ஆனால் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் தேவை.

மரபணுவும் சாப்பாட்டுத் தட்டும்

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 வயதுவந்தோரைச் சோதித்தது. சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருப்பதாக அது கண்டது. அதாவது வடக்கில் ஏறத்தாழ 80 பேரில் ஒருவர். தெற்கில் 1,000 பேரில் ஒருவர். நோய்க்கு இடந்தரும் மரபணு வகையோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம்.

இந்த எண்களைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி, மாணவரையே பேசவிடுங்கள். "வடக்கே கோதுமை அதிகம், அதனால் நோய் அதிகம்" என்று உடனே சொல்வார்கள். அப்போது வடகிழக்கைச் சுட்டிக்காட்டுங்கள். அங்கே கோதுமை தெற்கைவிடச் சற்றுதான் கூடுதல். நோயோ பல மடங்கு கூடுதல். கோதுமையின் அளவு மட்டுமே முழு விளக்கம் ஆகாது என்பதை அவர்களே உணர்வார்கள். மரபணு உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை, கோதுமை உண்ணும் எல்லாருக்கும் வருவதில்லை என்ற இரண்டையும் ஒரே அட்டவணை உணர்த்திவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு: மாவைக் கழுவிப் பார்த்தல்

தேவையானவை: ஒரு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் அரிசி மாவு, இரண்டு பாத்திரங்களில் நீர், மெல்லிய துணி, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல். கோதுமை ஒவ்வாமை உள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் அவரை மாவிலிருந்து விலகியிருக்கச் செய்க.

1. இரண்டு மாவுகளையும் தனித்தனியே கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்கவும்.
2. மைதா உருண்டையை நீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையவும். நீர் பால் போல் வெளுக்கும். நீரை மாற்றி மாற்றி, அது ஏறத்தாழத் தெளியும்வரை கழுவவும். சிதறும் துணுக்குகளைத் துணியில் பிடிக்கவும்.
3. கையில் எஞ்சுவது இழுத்தால் நீளும் ரப்பர் போன்ற பொருள். இதுவே குளூட்டன்.
4. அரிசி மாவை அதேபோல் கழுவவும். கரைந்து போகும், கையில் எதுவும் தங்காது.
5. மைதா கழுவிய நீரில் அயோடின் துளிகளை விடவும். கருநீலமாகும், அது ஸ்டார்ச். நன்கு கழுவிய குளூட்டனில் நிறமாற்றம் மிகக் குறைவாகவே இருக்கும்.

பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்க முடிவதும், கேழ்வரகு அடையைக் கையால் தட்டித்தான் போட வேண்டியிருப்பதும் ஏன் என்று கேளுங்கள். சமையலறையில் நாள்தோறும் பார்ப்பதன் காரணம் அவர்களுக்கு விளங்கும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் சீலியாக் நோயைத் தூண்டும் குளூட்டன் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உண்டு.

பட்டியல்களை எடைபோடுவது எப்படி?

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்களாகச் சத்துணவில் முட்டையை வாங்கவில்லை. கேட்டதற்கு, "வீட்ல சாப்பிடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றான். தாயாரை வரச்சொல்லிப் பேசினேன். பாட்டிக்கு முடக்குவாதம். யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து, பால், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் நான்கையும் வீட்டில் அனைவருக்கும் நிறுத்திவிட்டார்கள். "ஆயாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துடக்கூடாதுன்னுதான் டீச்சர்" என்றார் அந்த அம்மா. அன்பினால் செய்ததுதான். ஆனால் ஏற்கெனவே மெலிந்திருந்த பிள்ளைக்கு எளிதாகக் கிடைக்கும் நல்ல புரதம் அந்த முட்டை. மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொன்னேன். கேட்டார்கள். முட்டை திரும்பியது.

தக்காளி, கத்தரிக்காய் போன்றவை எல்லாருக்கும் மூட்டழற்சியைத் தூண்டும் என்பதற்குச் சீலியாக் நோயில் கோதுமைக்கு உள்ளது போன்ற சான்று இல்லை. அதே வேளையில், "மீன் தின்றால் எனக்கு அரிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் கூடாது. அது ஓர் உற்றுநோக்கல். டிக்கேயும் உற்றுநோக்கலில்தான் தொடங்கினார். அதைச் சோதிக்க மாணவர்க்கு மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுத்தால் போதும்:

உணவை நிறுத்தியபோது தொல்லை நீங்கியதா? மீண்டும் உண்டபோது திரும்பியதா? அந்த நேரத்தில் வேறெதுவும் மாறவில்லை என்பது உறுதியா?

ஒவ்வாமை இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோது, மீண்டும் உண்டு பார்ப்பதை வீட்டில் செய்யக்கூடாது. மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

நோயைக் கண்டறிவது மருத்துவரின் பணி. ஆனால் ஒரு பிள்ளையை ஆண்டு முழுவதும் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கே உண்டு. வயதுக்கேற்ற உயரமோ எடையோ இல்லாமை, நாட்பட்ட பேதி அல்லது மலச்சிக்கல், உப்பிய வயிறு, அடிக்கடி வாய்ப்புண், இரும்புச்சத்து மாத்திரை தவறாது உட்கொண்டும் தீராத இரத்தசோகை, தாமதமாகும் பூப்பு ஆகியவை சேர்ந்து தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் கவனத்துக்கும் கொண்டுசெல்லுங்கள். நம் ஊரில் இக்குறிகளுக்குக் குடற்புழு, சத்துக்குறைவு, காசநோய் எனப் பிற காரணங்களே மிகுதி. அதனால்தான் நாமே பெயர் சூட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் நினைவில் வைப்போம்.

மிக முக்கியமான ஒன்று: சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக்கூடாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து, தேவையெனில் சிறுகுடலிலிருந்து சிறு திசுவை எடுத்துப் பார்த்தே இந்நோயை உறுதி செய்கிறார்கள். முன்னதாகவே கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பெற்றோர் ஆர்வத்தில் செய்யும் பத்தியம் உண்மையை மறைத்துவிடும்.

நோய் உறுதியான பிள்ளை நம் பள்ளியில் படித்தால், சத்துணவு அமைப்பாளரோடும் காலை உணவு சமைப்பவரோடும் பேசுவது நம் கடமை. பகல் உணவில் சோறு இருப்பது நமக்கு வசதி. காலை உணவில் பொங்கலும் அரிசி உப்புமாவும் பொருந்தும். ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்கள் பொருந்தா. ரவையும் சேமியாவும் பொதுவாகக் கோதுமையிலிருந்து வருபவை என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே சாம்பாரையும் கவனிக்க வேண்டும். உப்புமா கிண்டிய கரண்டியைப் பொங்கலில் இடக்கூடாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைக் குளூட்டன் அற்றது என்று விற்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி இடந்தருவதில்லை. எவ்வளவு சிறிய அளவும் பொருட்டாகிறது என்பதை இந்த எண்ணே காட்டும்.

பிறந்தநாள் பிஸ்கட்டும் கேக்கும் வகுப்பில் பகிரப்படும்போது அந்தப் பிள்ளை மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்கக்கூடாது. கடலைமிட்டாயையோ எள்ளுருண்டையையோ எல்லாருக்கும் சேர்த்தே கொடுக்கச் சொன்னால், யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். அதற்கு முன், வகுப்பில் கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர் எவரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பால் ஒத்துக்கொள்ளாமை, கடலை ஒவ்வாமை, சீலியாக் நோய் ஆகிய மூன்றும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
2. ஹாஸ் கொடுத்த உணவு குழந்தைகளைத் தேற்றியது. ஆயினும் அவருடைய விளக்கம் தவறு. எப்படி?
3. பஞ்சத்தில் குழந்தைகள் தேறியதைக் கண்ட பிறகும் டிக்கே சோதனைகளைத் தொடர்ந்தது ஏன்?
4. உங்கள் வீட்டில் "ஆகாது" என்று ஒதுக்கும் ஓர் உணவைக் குறிப்பிடுக. அது உண்மையிலேயே ஆகாததா என்று அறிய என்னென்ன கேள்விகளை எழுப்புவாய்?

நான்காம் வினாவுக்கு மாணவர் எழுதும் விடைகளை மதிப்பெண்ணோடு மூடி வைத்துவிடாதீர்கள். எந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து எந்த உணவு, எதற்காக நீங்கியிருக்கிறது என்பது அதில்தான் நமக்குத் தெரியவரும்.